வெள்ளியின் நிறையும் கைவினையின் விலையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்து நகைக்கடை ஒன்றில் நிகழ்ந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் பழஞ்சேலைத் துண்டிற் சுற்றிக் கொண்டுவந்த பன்னீர்ச் செம்பொன்றைக் கடைக்காரர் முன்னே வைத்தார். நீண்ட கழுத்தும் பருத்த வயிறும் உடையதாய், உடலெங்கும் கொடியும் இலையும் ஓட, கொடிகளின் இடையே இணைக்கிளிகள் அமர்ந்திருக்க விளங்கிய வெள்ளிச் செம்பு அது. கடைக்காரர் அதனை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், உரைகல்லில் உரைத்தார், தராசில் இட்டார். நிறையைச் சொல்லி, அன்றைய வெள்ளி விலையைச் சொல்லி, அழுக்குக்கும் பற்றாசுக்குமெனச் சிறிது கழித்தும் கொண்டார். கொடிக்கும் கிளிக்கும் அவர் கணக்கில் இடம் இருக்கவில்லை.

"உருக்கத்தானே போறம், அம்மா, வேலைப்பாட்டை ஆர் பாக்கினம்?" என்றார். அவர் சொன்னதிற் பொய்யும் இல்லை, வஞ்சகமும் இல்லை. அம்மையார் பணத்தை எண்ணி முடிச்சிற் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அச்செம்பை நானே வாங்கிவிடலாம் என்னும் எண்ணம் எனக்கு உண்டாகாமல் இல்லை. மாதக் கடைசியாதலின் கையிற் பணம் இருக்கவில்லை. சம்பளம் பெற்றதும் சென்று கேட்டேன். கிளிகளும் கொடிகளும் அதற்குள் ஒரு கட்டி வெள்ளியாகி, அக்கட்டியும் கொழும்புக்குப் போயிருந்தது.

கைவேலைப்பாடமைந்த வெள்ளிப் பொருள்களையும் பிற கலைப்பொருள்களையும் சேகரித்தல் செல்வர் பொழுதுபோக்கு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஓராசிரியனோ மாணவனோ அதனைப்பற்றி நினைப்பதே வீண் என்பாரும் உளர். அந்த எண்ணம் எனக்கும் ஒருகால் இருந்தது. அச்செம்பு உருகிய பின்னரே, சேகரிப்போன் செய்யும் தொண்டு யாதென்பதும், அவன் செய்யத் தவறும் கடமை யாதென்பதும் எனக்குத் தெளிவாயின.

தராசு காணாத உழைப்பு

புதிய நகையோ பாத்திரமோ வாங்கும்போது நாம் உலோகத்துக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. செய்கூலி என்றும் சேதாரம் என்றும் தனித்தனியே கொடுக்கிறோம். அதே பொருளை மீண்டும் விற்கும்போது செய்கூலியை எவரும் பேசுவதில்லை. ஒரு கைவினைஞனின் பல நாள் உழைப்புக்கு ஒருமுறை மாத்திரம் விலை உண்டு. அதன்பின் அது காற்றோடு போகிறது.

இதன் காரணத்தை அறிய, தட்டுவேலைப் பாத்திரம் உருவாகும் முறையை அறிதல் வேண்டும். தூய வெள்ளி மென்மையானது. ஆதலின் உறுதிக்காகச் சிறிதளவு செப்பைக் கலந்து உருக்கி, வார்த்த பாளத்தை அடித்துத் தகடாக்குவர். அடிபட அடிபட வெள்ளி இறுகும். இறுகிய தகட்டை மேலும் அடித்தால் வெடித்துவிடும். எனவே இடையிடையே நெருப்பிலிட்டுச் செந்நிறம் தோன்றுமளவு காய்ச்சி, தணித்து, மீண்டும் அடிக்க வேண்டும். ஒரு செம்பு வடிவு பெறுவதற்குள் இவ்வாறு பலமுறை நெருப்பைக் காண்கிறது. வடிவு பெற்ற பின்னர், புடைக்க வேண்டிய இடங்களை உட்புறத்திலிருந்து புடைத்து, உள்ளே அரக்குக் கலவையை உருக்கி ஊற்றி, அது தாங்கி நிற்க, வெளிப்புறத்தே சிற்றுளிகளை வைத்துத் தட்டி இலையின் நரம்பையும் கிளியின் சிறகையும் எழுதுவர்.

இச்சிற்றுளிகள் வெள்ளியை வெட்டி எடுப்பதில்லை. அதனைத் தள்ளி ஒதுக்குகின்றன. ஒரு பக்கம் தாழ மறுபக்கம் உயர்கிறது. ஆகவே, வேலை தொடங்குமுன் செம்பு எத்துணை நிறையோ, வேலை முடிந்த பின்னும் ஏறக்குறைய அத்துணை நிறைதான். ஒரு மனிதனின் கண்ணும் கையும் பயிற்சியும் அதில் ஏறியிருக்கின்றன. தராசோ அவற்றுள் ஒன்றையும் காணவில்லை. நிறையால் மட்டும் விலை மதிக்கும் உலகில் இவ்வேலைக்குப் பாதுகாப்பு ஏது?

உலக நிகழ்ச்சி ஒன்று இதனை நன்கு காட்டும். 1980 ஆம் ஆண்டு ஜனவரியில் வெள்ளியின் விலை ஓர் அவுன்சுக்கு 50 டொலர் வரை ஏறிற்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய வெள்ளித் தட்டங்களும் கிண்ணங்களும் உருக்குலைகளை நோக்கி ஓடின. அதே ஆண்டு மார்ச்சு இறுதியில் விலை 11 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. விலை மீண்டும் ஏறலாம், இறங்கலாம். உருகிய வேலைப்பாடு மீள்வதில்லை. நமது நாட்டிலே சந்தை விலையோடு போரும் சேர்ந்துகொண்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெயர்ந்தபோது எந்த வீட்டிலிருந்து எது போயிற்று என்பதற்குக் கணக்கில்லை. வெள்ளி மூக்குப்பேணியும் சந்தனக் கும்பாவும் குழந்தையின் பாலடையும் பசிக்கு முன்னே எம்மாத்திரம்? விற்றவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

வேலைப்பாட்டுக்கு இரண்டாம் முறையும் விலை கொடுப்பவன் சேகரிப்போன் ஒருவனே. தராசு காணாததை அவன் காண்கிறான். சேகரிப்புக்கு நான் கூறும் நியாயம் இவ்வளவே. அவன் எப்போது தன் கடமையில் தவறுகிறான் என்பதை இனிப் பார்ப்போம்.

ஆனந்த குமாரசுவாமி கண்டது

இப்பொருள்பற்றி ஈழத்தவர் சிந்திக்கும்போது கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நினையாதிருத்தல் இயலாது. 1877 இற் கொழும்பிற் பிறந்த அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர் கலைஞரைக் கண்டார். கண்டிநாட்டு வெள்ளி வேலைகாரரும் பித்தளை வேலைகாரரும் தந்தம் கடைவோரும் நெசவாளரும் தங்கள் முன்னோர் முறையை இன்னும் முற்றும் மறக்காதிருந்தனர். ஆயின் அவர்களைத் தாங்குவார் அருகிவிட்டனர்.

அவ்வாய்வின் பயனே 1908 இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். அந்நூலின் உயிர்நாடி அழகிய பொருள்களின் வருணனையன்று. அப்பொருள்களைச் செய்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் விசாரணை. கண்டி அரசிலே கைவினைஞருக்கு நிலம் உண்டு. நிலத்துக்கு ஈடாக அரசனுக்கோ கோயிலுக்கோ தொழில் செய்யும் கடமை உண்டு. தேர்ந்த கைவினைஞர் 'பட்டல் ஹத்தர' எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளிற் பணிபுரிந்தனர். சோற்றுக்கு அஞ்சாதவன் வேலையை விரைந்து முடித்துத் தள்ள வேண்டியதில்லை. 1815 இல் அரசு வீழ்ந்தபோது அவ்வேற்பாட்டின் அச்சாணியும் கழன்றது. கையிலிருந்த திறமை ஒரே நாளில் அழியவில்லை. அத்திறமையை வேண்டுவோர் இல்லாது போயினர்.

குமாரசுவாமி அந்நூலை அச்சிட்ட வரலாறு நம்மை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்கிறது. வெள்ளி சேகரிப்போர் அறிய வேண்டிய பாடமொன்று அங்கே உண்டு.

கம்டன் கிராமத்துப் பட்டறை

1888 இல் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே சி. ஆர். ஆஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் கைவினைஞர் குழுவொன்றை நிறுவினார். இயந்திரத்துக்கு அடிமையாகாது தொழிலாளர் கூடிக் கையாற் செய்து பயன்பெறுதலே அதன் நோக்கம். 1902 இல், தொழிலாளரும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 150 பேர் இலண்டனை விட்டு, சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே பழைய பட்டாலையொன்று அவர்களின் பட்டறையாயிற்று. சுத்தியலின் தடத்தை மறைக்காது விட்ட அவர்களுடைய வெள்ளிக் கிண்ணங்கள், நீண்டு வளைந்த கம்பிப் பிடிகளோடு, இன்று நூதனசாலைகளில் மதிப்போடு வைக்கப்பட்டுள்ளன.

குமாரசுவாமியின் மனைவி எதல் அம்மையாரின் சகோதரர் இக்குழுவில் நகைத் தொழில் செய்தவர். அருகேயுள்ள புரோட் கம்டனிற் பழைய தேவாலயக் கட்டடமொன்றை ஆஷ்பீ திருத்தியமைத்துக் கொடுக்க, குமாரசுவாமி தம்பதியர் அங்கே வாழ்ந்தனர். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே கண்டிக் கலைஞர் பற்றிய நூல் 425 பிரதிகளாக அச்சாயிற்று. 1907 செப்டெம்பரில் தொடங்கிய அச்சுவேலை 1908 திசம்பரில் முடிந்தது. கண்டியின் கைவினைஞரைப் பற்றிய நூல் இங்கிலாந்தின் கைவினைஞர் நடுவே கையாலேயே அச்சானது பொருத்தமே.

ஆயினும் அந்நூல் அச்சாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஆஷ்பீயின் குழு பொருள் முட்டுப்பட்டுக் கலைந்தது. இலண்டன் சந்தை தொலைவில் இருந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம், கைவேலையின் சாயலை இயந்திரத்தின் விலைக்கு விற்ற வணிகர். இலண்டனின் லிபேட்டி நிறுவனம் 1899 முதல் விற்ற வெள்ளிப் பொருள்களிற் பல, பகுதி அச்சில் அடிக்கப்பட்டவை. அவற்றுட் சிலவற்றிற் கைவேலைபோலத் தோன்றச் சுத்தியற் குறிகளும் பின்னர் இடப்பட்டன. அவற்றை வரைந்த கலைஞர் பெயரையும் அந்நிறுவனம் வெளியிடுவதில்லை. அவருள் முதன்மையான ஆர்ச்சிபோல்ட் நொக்ஸ் 1933 இல் மறைந்தார். இன்று அவர் வரைந்த பொருள்களுக்குச் சேகரிப்போர் பெருவிலை கொடுக்கின்றனர். கலைஞன் வாழ்நாளில் மறைக்கப்பட்ட பெயர், அவன் மறைந்த பின்னர் வணிகப் பொருளாகிறது. இதனைச் சேகரிப்பின் வெற்றி என்று எவ்வாறு கூறுவது?

பெயரில்லாப் பொருள்

ஆங்கில வெள்ளியிற் பொறிக்கப்படும் முத்திரைகள் சேகரிப்போனுக்குப் பேருதவி. சிங்க முத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி என்பதைக் காட்டும். ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். வேறொரு குறி மாற்றுப் பார்த்த நகரைக் காட்டும். மற்றுமொன்று செய்தோன் அல்லது பட்டறையின் அடையாளம். ஆண்டெழுத்து இடும் வழக்கம் 1478 முதலே அங்கு உண்டு.

நமது பழைய வெள்ளிப் பொருள்களிற் பெரும்பாலானவற்றில் இத்தகைய குறியெதுவும் இல்லை. சென்னையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெய்வ உருவங்களைப் புடைத்துச் செய்த 'சுவாமி வெள்ளி'த் தேநீர்க் கலங்கள் ஐரோப்பியரிடம் பெரும் புகழ் பெற்றன. அவற்றிற் குறி காணப்படின் அது பெரும்பாலும் விற்ற கடையின் குறியே. உளி பிடித்தவன் பெயரைத் தேடினாற் கிடைப்பதில்லை.

பொருளின் வரலாறு பொருளோடு இல்லாவிடின் விளையும் கேட்டைத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டுமா? சிலப்பதிகாரத்தின் வழக்கே அதுவன்றோ! இரண்டு சிலம்புகள் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. எது எவருடையது என்பதைத் தீர விசாரியாது பாண்டியன் தீர்ப்பளித்தான். உள்ளிருந்தது முத்தா மாணிக்கமா என்பது சிலம்பை உடைத்த பின்னரே தெரிந்தது. அதற்குள் ஓருயிர் போய்விட்டது. செய்தோன் யார், உடையோன் யார், எவ்வழி வந்தது என்னும் மூன்றையும் கேளாது பொருளை மட்டும் கையிற் கொள்ளும் சேகரிப்போனும் சிறிய அளவிலே அதே பிழையைச் செய்கிறான்.

மூன்றாம் கேள்வியாகிய 'எவ்வழி வந்தது' என்பது இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடிக் கொண்டுசென்றவற்றுள், பொன்னும் வெள்ளியும் மணியும் அணிசெய்த லெவ்கே பீரங்கி ஒன்று. நெடுங்காலம் அம்ஸ்ரடாம் நூதனசாலையில் இருந்த அப்பீரங்கி, பொன்வாளும் வெள்ளிவாளும் உள்ளிட்ட வேறு ஐந்து பொருள்களோடு 2023 இற் கொழும்புக்குத் திரும்பியது. நாடுகள் கேட்கும் கேள்வியைத் தனிமனிதரும் தம்மைத் தாமே கேட்டல் நன்று. கோயிற் கவசமோ திருவாசித் துண்டோ விலைக்கு வந்தால், கடைக்காரர் சொல்லும் கதையோடு நின்றுவிடலாகாது. உரிமைப்பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லுதலை 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் தடுக்கிறது.

குமாரசுவாமியின் சொந்தச் சேகரிப்புக்கு நேர்ந்ததும் நம் சிந்தனைக்குரியது. தாம் திரட்டிய இந்திய ஓவியங்களையும் கலைப்பொருள்களையும் காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமையுமாயின் அதற்கு அளிக்க அவர் முன்வந்தார். அது கைகூடவில்லை. 1917 இல் அவை அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலையைச் சேர்ந்தன. அவரும் உடன் சென்று, 1947 இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார். கலைப்பொருள் யாவும் ஏதேனுமொரு பயனுக்கென ஆக்கப்பட்டவையே என்று பிற்காலத்தில் அவர் ஓயாது வற்புறுத்தியதைப் படிக்கும்போது, கண்ணாடிப் பேழைகளின் நடுவே நின்று அதனை எழுதினார் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

நாம் செய்யக்கூடியது

"இவையெல்லாம் இருக்கட்டும், வெள்ளி விற்கும் விலையில் நாம் என்ன சேகரிப்பது?" என்று வாசகர் கேட்பர். வெள்ளியை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் கூறவில்லை.

முதலாவது, பார்க்கக் கற்றல். கையால் தட்டிய பாத்திரத்தின் உட்புறத்தே, மேலுள்ள சித்திரத்தின் எதிர்வடிவமும் உளியின் தடங்களும் தெரியும். இருபக்கமும் உள்ள இரு இலைகள் ஒன்றையொன்று முற்றும் ஒத்திரா. அச்சிலடித்தது எங்கும் ஒரே அளவாக இருக்கும். 1840 ஆம் ஆண்டளவில் மின்முலாம் பூசும் முறை வணிகத்துக்கு வந்த பின்னர், வெள்ளியைப்போலத் தோன்றும் பித்தளையும் பெருகியது. விளிம்பும் அடியும் தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் நிறம் உண்மையைச் சொல்லிவிடும். காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கையால் வெள்ளி கறுக்கும். சித்திரத்தின் பள்ளங்களில் தங்கிய அக்கறுப்பே மேடுகளை எடுத்துக்காட்டுகிறது. புளியும் சாம்பலும் இட்டு ஆண்டுதோறும் தேய்ப்போமாயின், கறுப்போடு கிளியின் கண்ணும் போய்விடும். மென்றுணியாற் துடைத்தலே போதும்.

இரண்டாவது, எழுதி வைத்தல். ஆசிரியர்கள் மனம் வைத்தால் ஓராண்டிற் பெரும்பணி முடியும். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளை, வெள்ளியோ பித்தளையோ மரமோ எதுவாயினும், எடுத்துக்கொள்ளட்டும். அதன் பெயர், அளவு, நிறை, எதற்குப் பயன்பட்டது, எந்த ஊர்ப் பத்தர் செய்தது, எவர் கலியாணத்துக்கு வந்தது என்பவற்றை அப்பாச்சியையும் அம்மம்மாவையும் கேட்டு எழுதட்டும். படமும் எடுத்து வைக்கட்டும். கரண்டகம், சிமிழ், தட்டம், தண்டை என்னும் சொற்களும் அதனோடு பிழைக்கும். இதற்கு ஒரு குண்டுமணி வெள்ளியும் வேண்டியதில்லை. பொருள் நாளை விற்கப்பட்டாலும் அதன் வரலாறு உருகாது. வீட்டு முகவரியும் பெயரும் மட்டும் வெளியிற் போகாதபடி ஆசிரியர் காத்தல் வேண்டும். பட்டியல் கள்வனுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது.

மூன்றாவதே தலையாயது. பழையதைத் தேடுவோர், இருப்பவனிடம் ஒன்றாயினும் செய்விக்க வேண்டும். பொருள் வசதியுள்ள அன்பர் பழஞ்சிமிழ் பத்து வாங்கும் பணத்தில் ஒரு புதுச்சிமிழைக் கையாற் செய்யச் சொல்லி, கேட்ட கூலியைப் பேரம் பேசாது கொடுத்து, அதன் அடியிற் செய்தவன் பெயரையும் ஆண்டையும் பொறிக்கச் சொல்வாராயின், அவரே உண்மையான சேகரிப்போர். கூட்டங்களிற் பெரியோருக்குப் பொன்னாடை போர்த்தும் சங்கங்களும், விழாக்களில் வெளிநாட்டு அச்சுக் கேடயங்களை வழங்கும் பாடசாலைகளும் இதனைச் சிந்திக்கலாம். ஆண்டுக்கு ஒரு பரிசு உள்ளூர்க் கைவினைஞன் கையாற் செய்ததாக இருந்தால் என்ன?

இது கனவு என்பாருக்குக் கம்டன் கிராமத்தையே மீண்டும் காட்டுவேன். ஆஷ்பீயின் குழு 1908 இற் கலைந்தது என்றேன். ஆனால் அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹாட் என்னும் வெள்ளி வேலைகாரர் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்தப் பழைய பட்டாலையிலேயே தொழிலைத் தொடர்ந்தார். தேவாலயங்களும் வீட்டாரும் அவரிடம் பாத்திரங்கள் செய்வித்தனர். 1973 இல் அவர் மறைந்த பின்னும் அவர் வழிவந்தோர் அங்கேயே சுத்தியல் பிடித்தனர். நூறாண்டு கடந்தும் அவ்வோசை ஓயவில்லை. பெருங்குழுவைக் காக்கக் கொள்கையால் முடியவில்லை. ஒரு சிறு பட்டறையைக் காக்க, கேட்டு வருவோர் சிலர் போதுமாயினர்.

அன்று உருகிய பன்னீர்ச் செம்பை எவராலும் மீட்க முடியாது. அதனைச் செய்தவர் பெயரும் எனக்குத் தெரியாது. அம்மையாரைக் கேட்டிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. பணம் இல்லாமற் போனதை எண்ணிப் பலநாள் வருந்தினேன்; கேள்விக்குப் பணம் வேண்டியதில்லையே என்பது பின்னரே எனக்குத் தோன்றியது. இக்கட்டுரையைப் படிப்போர் இன்று மாலையே தம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து, மூத்தோர் ஒருவரை அருகிருத்தி, அந்தக் கேள்வியைக் கேட்பார்களாக.